சூக்பாதர் புல்வெளிக்கு ஆறு நாள் போதுமா?

கேள்வி: செப்டம்பரில் நானும் என் மனைவியும் மங்கோலியா செல்கிறோம். தென்கிழக்கில் உள்ள சூக்பாதர் மாகாணத்துக்கு ஆறு நாள் ஒதுக்கலாமா? புல்லைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? நாங்கள் சைவ உணவுக்காரர்கள்.

பதில்: தாராளமாக ஒதுக்கலாம்; முடிந்தால் ஏழு நாளாக்கிக்கொள்ளுங்கள். உலான்பாத்தரிலிருந்து மாகாணத் தலைநகரான பாரூன்-ஊர்த் சுமார் 560 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அதற்கும் தெற்கே, சீன எல்லையை ஒட்டிய தாரிகங்கா வட்டாரம்தான் உங்கள் இலக்காக இருக்க வேண்டும் என்பதால், போக்குவரத்துக்கே நான்கு நாள் கழிந்துவிடும். ஓட்டுநருடன் நான்கு சக்கர இயக்க வண்டி அமர்த்திக்கொள்வதே சரி. புல்வெளியில் மண்தடங்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்துப் போகும், வழிகாட்டிப் பலகையை எதிர்பார்க்க முடியாது.

புல் மட்டும்தானா என்று கேட்கிறீர்கள். தாரிகங்கா பீடபூமியில் 200-க்கும் மேற்பட்ட அணைந்த எரிமலைகள் சிறு குன்றுகளாக நிற்கின்றன. மணல்மேடுகளை அடுத்து கங்கா என்ற ஏரி இருக்கிறது. இலையுதிர்காலத்தில் தெற்கே பறக்குமுன் அன்னங்கள் அங்கே கூட்டங்கூட்டமாக இறங்குவதால், செப்டம்பர் பிற்பாதியே என் தேர்வு. கையில் கிண்ணம் ஏந்தி அமர்ந்திருக்கும் 13, 14-ஆம் நூற்றாண்டுக் கற்சிலைகளையும் இவ்வட்டாரத்தில் காணலாம். சீனாவின் சிங் பேரரசர்களுக்குக் குதிரை வளர்த்துக் கொடுத்தவர்களின் மண் இது. இவ்வூர் வெள்ளி வேலைப்பாட்டுக்கு இன்றும் தனி மதிப்பு உண்டு.

1,778 மீட்டர் உயரமுள்ள ஷிலீன் போக்த் மலை குறித்து முன்கூட்டியே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்கும் ஆணுக்கு மனவலிமை கூடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. பெண்கள் ஏறுவது வழக்கமில்லை. உங்கள் மனைவிக்கு இது வருத்தம் தரலாம், ஆனாலும் அம்மக்களின் புனித மலை என்பதால் வழக்கத்தை மதிக்கும்படியே கேட்டுக்கொள்வேன். இது எல்லைப் பகுதி. அனுமதிச் சீட்டைப் புறப்படுவதற்கு முன்பே பயண முகவர் மூலம் வாங்கிவிடுங்கள், கடவுச்சீட்டைக் கையிலேயே வைத்திருங்கள்.

உணவுதான் உண்மையான சிக்கல். மேய்ச்சல் குடும்பங்களின் சாப்பாடு இறைச்சியும் பாலுமே. அரிசி, பருப்பு, மசாலாப் பொடிகளை எடுத்துச் செல்லுங்கள். எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற முடியாது, உலான்பாத்தரில் வாங்குங்கள். கம்பளி உடையும் கட்டாயம். மாதக் கடைசியில் இரவுக் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும்.

கெர் எனப்படும் வட்டக் கூடாரத்தை நெருங்கும்போது, நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தொலைவிலிருந்தே குரல் கொடுப்பது முறை. வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே செல்லுங்கள். காய்ந்த சாணம் எரியும் அடுப்பில் கொதிக்கும் பால் தேநீரை, வீட்டுக்காரப் பெண்மணி அகப்பையால் உயர அள்ளி அள்ளி ஊற்றி ஆற்றித் தருவார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருக்கும். வலக்கையால் கிண்ணத்தை வாங்கி, ஒரு வாயாவது கட்டாயம் பருகுங்கள்.