சிட்டின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகத்தில் அரசறிவியல் படிக்கிறேன். வெளியுறவுக் கொள்கை வரலாறு, அரசியல் சிந்தனை இரண்டையும் ஆழமாக வாசிக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது? மேற்கத்தேயக் கோட்பாடுகளையா, கௌடில்யரையா? நல்ல நூல்கள் எல்லாம் ஆங்கிலத்தில், விலையும் கட்டுப்படியாகவில்லை. சிலவேளை சலிப்பாகவும் இருக்கிறது. ‘வலியவன் முடிந்ததைச் செய்வான், எளியவன் தாங்கிக்கொள்வான்’ என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அன்றே சொல்லிவிட்டார். நெல்சன் புகழ்ந்த துறைமுகத்தில் பிறந்து, நம்மைக் கேட்காமலே கைமாறும் குடாவையும், இந்தியா எடுத்துக்கொண்ட எண்ணெய்க் குதங்களையும் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு இந்த வாசிப்பால் என்ன பயன்?

ச., உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

உமது கடிதம் வந்த அன்று நான் பெரியப்பாவின் தகரப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் மற்றக் கடிதங்களோடு ஒரு மாதம் கிடந்திருக்கும்.

விலையை விடும். கையிலிருக்கும் போனுக்குக் கொடுத்த காசில் பாதி அலுமாரி நிரம்பியிருக்கும். நெல்சனையும் விடும். வெள்ளைக்காரன் ஒருவன் நற்சான்றிதழ் தந்தான் என்று அதைக் கண்ணாடி போட்டு மாட்டிவைத்திருக்கிற ஊர் நம்முடையது.

எனக்குக் கோபம் வந்தது துசிடிடீஸில். அந்த வரி அவருடைய தீர்ப்பு அல்ல. மெலோஸ் தீவுக்காரரை மிரட்ட வந்த ஏதென்ஸ் தூதர்கள் வாயில் அவர் வைத்த பேச்சு. மெலோஸ் அழிந்தது உண்மை. ஆனால் பக்கத்தைத் திருப்பியிருந்தால், அதே ஏதென்ஸ் சிசிலிக்குக் கிளம்பிப் போய்த் தன் கப்பற்படையைத் தொலைப்பதை வாசித்திருப்பீர். நீர் திருப்பவில்லை. எங்கோ மேற்கோளாகக் கண்டதை எடுத்துச் சலிப்புக்குச் சால்வை போர்த்தியிருக்கிறீர். சோம்பலுக்கு இரண்டாயிரத்து நானூறு வருடப் பழைய சாட்சி தேவையில்லை, தம்பி.

கௌடில்யரைக் கேட்டீர். அர்த்தசாஸ்திரத்தில் எல்லோரும் மண்டலக் கணக்கைப் பிடித்துக்கொள்வார்கள், அயலவன் பகைவன், அயலவனுக்கு அயலவன் நண்பன் என்று. நீர் 12ஆம் அதிகரணத்தை, அதாவது பன்னிரண்டாம் பாகத்தை, எடும். அது எளிய அரசனுக்கு எழுதியது. அதில் பழைய ஆசான்கள் இருவரின் கருத்து வருகிறது. வலியவன் வந்தால் நாணலாய் வளை என்கிறார் பாரத்துவாஜர். முழுப் படையோடும் மோது என்கிறார் விசாலாட்சர். இரண்டும் வேண்டாம் என்கிறார் கௌடில்யர். எல்லோருக்கும் வளைகிறவன் மந்தையை விட்ட கடா, சிறு படையோடு மோதுகிறவன் தெப்பமில்லாமல் கடலில் இறங்கியவன். நம் ஊர்க்காரனுக்கு இதைவிட விளக்கமாக யாரும் சொல்ல முடியாது. மேற்கா கிழக்கா என்ற கேள்வியைச் சோதனை எழுதுகிறவர்களுக்கு விட்டுவிடும்.

பெரியப்பாவுக்கு வருகிறேன். அவர் நேவி யார்டில் ஸ்டோர் கிளாக். எந்தத் துண்டுச் சிட்டையும் கையில் வாங்கியதும் முதலில் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார். பிறகுதான் முன்பக்கம். பெருவிரலை வரிக்குக் கீழே வைத்து, நகர்த்தி நகர்த்தி வாசிப்பார். கலியாண அழைப்பிதழைக்கூட அப்படித்தான். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். 1957 ஒக்டோபர் 15இல் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தைக் கையளித்துப் போனபோது அவருடைய வேலையும் போனது. தளத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிய பிரதமர் பண்டாரநாயக்காவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தால், “மனுசன் பேப்பரை ஒழுங்கா வாசிச்சிருக்கிறான்” என்பார். சின்ன வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பிறகுதான் பிரித்தானியாவோடு இலங்கை செய்த 1947 பாதுகாப்பு உடன்படிக்கையைத் தேடி வாசித்தேன். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடித்துவிடலாம். அதில் திருகோணமலை என்ற பெயரே இல்லை. கடற்தளம், விமானத்தளம், துறைமுகம் என்று பொதுவாகத்தான் இருக்கிறது. எல்லாமே ‘இரு தரப்பும் இணங்கும் அளவுக்கு’. எத்தனை வருடத்துக்கு என்றும் இல்லை. அந்த இணக்கம் என்ற சொல்தான் கதவின் கொண்டி. பத்து வருடத்துக்குள் ஒரு வெடிகூட வெடிக்காமல் உலகின் பெரிய கடற்படை ஒன்று மூட்டை கட்டியது. வலியவன் முடிந்ததைச் செய்வான் என்றீரே, இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்?

சொல் மறுபக்கமும் வெட்டும். 1638இல் மட்டக்களப்பில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு ஒப்பந்தம் செய்தான். போர்த்துக்கேயரிடம் பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தர் படை வைக்கலாம், ‘அரசர் விரும்பினால்’. இந்த இரண்டு சொல்லும் அரசனிடம் இருந்த பிரதியில் இருந்தன. ஒல்லாந்தர் பிரதியில் இல்லை. 1639இல் நம் திருகோணமலைக் கோட்டை விழுந்தது, அடுத்த வருடம் காலி, 1656இல் கொழும்பு. கொழும்புக் கோட்டைக்குள் அரசனை ஒல்லாந்தர் விடவேயில்லை. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என்று சிங்களத்தில் சொல்வார்கள். எனக்கு அது மிளகாய்க் கதை அல்ல, விடுபட்ட இரண்டு சொல்லின் கதை. கே. டபிள்யூ. குணவர்தன 1958இல் வெளியிட்ட, இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியின் அத்திவாரம் பற்றிய ஆய்வு நூலைத் தேடிப் பிடியும். உமது தலைமுறைக்குத் தெரியாத பெயர் என்றால் வெட்கம் உமக்கல்ல, உம்முடைய ஆசிரியர்களுக்கு.

1987 ஜூலை. இந்திய-இலங்கை ஒப்பந்தம் முழுதாக வந்த ஆங்கிலப் பேப்பரைப் பெரியப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான் அப்போது ரியூசன் கொடுத்துத் திரிந்த காலம். வாசலில் கதிரை போட்டிருந்தார். படத்தைப் பார்க்கவில்லை, ஒப்பந்தத்தையும் பார்க்கவில்லை. “இதோட வேற ஏதும் இணைச்சிருக்கோ?” என்று கேட்டார். இணைத்திருந்தது. ராஜீவ் காந்தி ஜெயவர்த்தனாவுக்கு எழுதிய கடிதமும் அதற்கு வந்த பதிலும். திருகோணமலை இருந்தது அந்தக் கடிதங்களில்தான். திருகோணமலையோ இலங்கையின் வேறு துறைமுகமோ இந்திய நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பாவனைக்கும் விடப்படாது, குதங்களைத் திருத்தி நடத்துவது கூட்டு முயற்சியாக இருக்கும். பெருவிரல் ஓரிடத்தில் நின்றது.

“‘எனி கன்ட்ரி’ எண்டு கிடக்கு. இந்தியாவும் ஒரு கன்ட்ரிதானே?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “பாதகம் எண்டு ஆர் சொல்லுறது? அதை எழுதேல்லையே.”

கொஞ்ச நாளில் இந்திய அமைதிப்படை நம் தெருவில் நின்றது. ‘இந்தியாவும் ஒரு கன்ட்ரிதானே’ என்ற பெரியப்பாவின் கேள்விக்கு நான் வாசித்த எந்தத் தடித்த நூலும் நேராகப் பதில் சொல்லவில்லை. சீமான்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருந்து எழுதுகிறார்கள். பெருவிரல் வைத்து வாசிக்க அவர்களுக்கு எங்கே நேரம்.

குதங்களை இந்தியா எடுத்துக்கொண்டது என்று நீரும் எழுதியிருக்கிறீர். சந்தியில் கதைக்கிறவன் அப்படிச் சொல்லலாம், அரசறிவியல் படிக்கிறவர் சொல்லக்கூடாது. நம் திருகோணமலைச் சீனக்குடாவில் 99 குதம். 2022 ஜனவரி ஏற்பாட்டின்படி 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு. அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். இது நல்லதா கெட்டதா என்று பிறகு சண்டை பிடிப்போம், எனக்கும் அதில் கோபம் உண்டு. ஆனால் ‘எடுத்துக்கொண்டது’ என்ற ஒரு சொல்லில் 51ஐயும் 24ஐயும் நீரே தாரை வார்த்துவிட்டீர், தம்பி. இராஜசிங்கனை ஏமாற்ற ஒல்லாந்தன் தேவைப்பட்டான்.

எதில் தொடங்குவது என்றுதானே கேட்டிருந்தீர்? இந்திய வரலாற்றாசிரியர் கே. எம். பணிக்கர் 1945இல் இந்து சமுத்திரத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் ஒன்று உண்டு. டெல்லியின் கண்ணுக்கு நம் குடா எப்படித் தெரிகிறது என்று விளங்கும், பிடிக்காது. இலங்கையின் வெளியுறவு பற்றி எழுதிய ஷெல்டன் கொடிக்கார நிதானமானவர், அவரையும் பாரும். ஆனால் முதலில் அந்த 1987 கடிதங்கள் இரண்டையும் கையால் ஒருமுறை எழுதிப் பாரும், தட்டச்சு வேண்டாம்.

அர்த்தசாஸ்திரம் என்னிடம் இருக்கிறது. பின்னேரத்தில் வந்து எடுத்துக்கொண்டு போம். தையல் விட்டு 12ஆம் அதிகரணம் தனியாகக் கழன்று வருகிறது. ஒரு ரப்பர் பட்டி கொண்டுவாரும்.