‘காசாபிளாங்கா’வில் இங்க்ரிட் பெர்க்மன் உண்மையில் நடித்தாரா, அழகாக வந்து நின்றாரா?

பெர்க்மன் நாயகியாக வரும் இந்த 1942ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தை நீங்கள் அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்திருப்பீர்கள் என்றும், அதன்பின் யாரோ ஒருவர் “அந்தப் பெண்ணுக்கு அதில் என்ன வேலை?” என்று சொல்லியிருப்பார் என்றும் ஊகிக்கிறேன். அதே பேச்சை நானும் கேட்டு மனம் வெதும்பியிருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரைப்படச் சங்கத் திரையிடலுக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில், அதை நடத்தியவர் படத்தின் நாயகன் ஹம்ப்ரி போகார்ட்டைப் பற்றி விரிவாகப் பேசிவிட்டு, பெர்க்மனைப் பற்றி ஒருவர் கேட்டபோது “அது ஒளிப்பதிவாளரின் சாதனை” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். நான் எழுந்து மறுக்கத் தொடங்கியதும், அரங்கைத் திரும்ப ஒப்படைக்கும் நேரமாகிவிட்டது என்றார்கள்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. ஆர்தர் எடிசன் பெர்க்மனின் முகத்தைப் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்து, மென்மையாக்கும் வடிகட்டி பூட்டிய லென்ஸ் வழியாக, கண்கள் மின்னும்படி ஒளியமைத்துப் படம்பிடித்தார். ஆனால் பியானோ கலைஞராக வரும் டூலி வில்சனிடம் ‘ஆஸ் டைம் கோஸ் பை’ பாடலைப் பாடச் சொல்லிப் பெர்க்மன் கேட்கும் காட்சியைப் பாருங்கள். அவர் மறந்துவிட்டதாக மழுப்ப, இவர் தானே முணுமுணுத்துக் காட்டும்வரை முகத்தில் ஒரு சிறு பிடிவாதம் இருக்கிறது. பாட்டு தொடங்கியதும் அது மெல்லக் கரைந்து, பார்வை எங்கோ போய்விடுகிறது. அதை எந்த விளக்கு செய்யும்? படத்தைப் பார்த்திராத என் அக்காவுக்கு இக்காட்சியை மட்டும் ஒலியை நிறுத்திவிட்டுக் காட்டினேன். “யாரையோ விட்டுட்டு வந்திருக்கா” என்றார். (அந்தப் பாடலை நீக்கிவிட்டுத் தன் மெட்டு ஒன்றைச் சேர்க்க இசையமைப்பாளர் மேக்ஸ் ஸ்டைனர் விரும்பினார், அதற்குள் அடுத்த படத்துக்காகப் பெர்க்மன் முடியை வெட்டிக்கொண்டுவிட்டதால், காட்சிகளை மறுபடி எடுக்க வழியில்லாமல் பாட்டு தப்பியது.)

திரைக்கதை முடியாமலே படப்பிடிப்பு நடந்ததால், பெர்க்மன் ஏற்ற இல்சா, கணவன், பழைய காதலன் ரிக் (போகார்ட்) இருவரில் யாருடன் போவாள் என்பது பெர்க்மனுக்கே தெரியாது, திரையில் தெரிவது அந்தக் குழப்பம்தான் என்று சிலர் வாதிடக்கூடும். அவர் கேட்டபோது, இரண்டுக்கும் நடுவாக நடிக்கச் சொன்னார்கள் என்பதும் உண்மையே. ஆனால் கணவனை விட்டுக் காதலனுடன் போகும் முடிவை அக்கால ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் அனுமதித்திருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும், இரண்டு ஆண்களில் எவர்மீதுள்ள அன்பும் பொய்யாகத் தோன்றாதவாறு, கடைசி விமான நிலையக் காட்சி வரை நம்மை ஐயத்திலேயே வைத்திருப்பது குழப்பத்தால் நடக்கிற காரியமா? போகார்ட்டை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். ரிக்கின் கசப்பு நமக்கு நியாயமாகப் படுவதே அவன் இழந்தது எவ்வளவு பெரிது என்பதை அவள் முகத்தில் நாம் பார்ப்பதால்தான்.

1944இல் நடந்த ஆஸ்கர் விழாவில் இப்படம் சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்று விருதுகளைப் பெற்றது. பெர்க்மனும் அவ்வாண்டு நடிகைக்கான போட்டியில் இருந்தார். ஆனால் ‘ஃபார் ஹூம் தி பெல் டோல்ஸ்’ படத்துக்காக! அந்தக் கலந்துரையாடல்காரரின் கருத்து அப்போதே விருதுக் குழுவினருக்கும் இருந்திருக்கிறது போலும்.

மறுபடி பார்ப்பதாக இருந்தால், 1980களில் வண்ணம் பூசி வெளியிட்ட பிரதியைத் தவிர்த்து, கறுப்பு வெள்ளைப் பிரதியையே தேடிப் பாருங்கள். நான் சொன்ன காட்சியில் அவர் கன்னத்துக்குப் பூசிய நிறம் முகபாவத்தை முந்திக்கொண்டு நிற்கிறது.