வராந்தாவில் நடக்கும் மாநாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மென்பொருள் துறையில் ஐந்து வருடமாக வேலை செய்கிறேன். முதல்முறையாக என் நிறுவனம் என்னை ஒரு பெரிய தொழில்நுட்ப மாநாட்டுக்கு அனுப்புகிறது. மூன்று நாள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருவார்கள் என்கிறார்கள். நிகழ்ச்சி நிரலைத் திறந்து பார்த்தால் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு அரங்குகளில் அமர்வுகள். எதை எடுப்பது, எதை விடுவது என்றே புரியவில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் நானாகப் போய்ப் பேசுகிற ஆளும் இல்லை. திரும்பி வந்ததும் என்ன கற்றேன் என்று குழுவுக்குச் சொல்ல வேண்டும். இவ்வளவு செலவழித்து அனுப்புகிறார்கள், வீணாக்கிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நீங்கள் பல மாநாடுகளுக்குப் போனவர். கொஞ்சம் சொல்லுங்கள். லேப்டாப் எடுத்துப் போகலாமா என்றுகூடத் தெரியவில்லை.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

என் முதல் மாநாட்டில் நான் ஒரு உரையைக்கூட விடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன். காலை எட்டரைக்கு ஒரு அரங்கில் உட்கார்ந்தால் மாலை வரை அரங்கு விட்டு அரங்கு ஓட்டம். ஒரு நோட்டு முழுக்க எழுதினேன். வேலைக்குத் திரும்பி ஒரு வாரம் கழித்து அந்த நோட்டைப் பிரித்தபோது பாதி வரிகள் எனக்கே விளங்கவில்லை. மூன்று நாளில் நான் பேசிய ஆட்கள் மொத்தம் நான்கு பேர், அதில் இருவர் என் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினி மாநாட்டில் அமெரிக்கக் கணினி ஆராய்ச்சியாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் ஒரு செயல்விளக்கம் தந்தார். மவுஸ், ஹைப்பர்டெக்ஸ்ட் (சொடுக்கினால் வேறு இடத்துக்குத் தாவும் எழுத்து), திரையில் முகம் பார்த்துப் பேசுவது எல்லாம் ஒரே மேடையில். அதன் படச்சுருள் பிழைத்திருக்கிறது, இணையத்தில் இன்றும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அன்று அரங்கை விட்டு வெளியே வந்தவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எந்தச் சுருளிலும் இல்லை. இன்றைக்குப் பெரும்பாலான மாநாடுகளின் உரைகள் சில வாரங்களில் காணொளியாக வந்துவிடுகின்றன. வராந்தாவில் நடக்கும் பேச்சுக்குப் பதிவு கிடையாது. நீங்கள் நேரில் போவது அதற்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், நிகழ்ச்சி நிரலைப் பார்த்து வரும் பயம் பாதி குறைந்துவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? போவதற்கு முன் உங்கள் வேலையில் இப்போது உறுத்திக்கொண்டிருக்கும் மூன்று கேள்விகளை எழுதுங்கள். 'செயற்கை நுண்ணறிவு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்' என்பது கேள்வி ஆகாது. 'எங்கள் சோதனைகள் ஓடி முடிய நாற்பது நிமிடம் ஆகிறது, எங்களைவிடப் பெரிய குழுக்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன?' என்பது கேள்வி. அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நிரலைப் படித்தால் பெரும்பாலான அமர்வுகள் தாமாகவே விலகிவிடும். ஒரு நாளைக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு போதும். பதிவு செய்யப்படாதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்: பயிலரங்குகள், கேள்வி-பதில் நேரம், ஒரே சிக்கலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கூடி உட்காரும் சிறு கூட்டங்கள். இவற்றை 'பேர்ட்ஸ் ஆஃப் எ ஃபெதர்' என்பார்கள். நிரலின் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும், தேடிப் பாருங்கள். அப்புறம், ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டாவது தேர்வு ஒன்றைக் குறித்து வையுங்கள், நல்ல அரங்குகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஓர இருக்கையில் உட்காருங்கள். பத்து நிமிடத்தில் உரை உங்களுக்கானதில்லை என்று தெரிந்தால் எழுந்து போகலாம், பேச்சாளர்கள் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இனி நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சமயம் எங்கள் சேவை ஒன்று தினமும் நள்ளிரவு தாண்டினால் தொங்கிப்போகும். மூன்று வாரம் தேடியும் காரணம் பிடிபடவில்லை. ஒரு மாநாட்டில் காப்பி வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்டார். புலம்பலாகத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நடுவில் ஃபயர்வால் இருக்கிறதா? சும்மா கிடக்கும் இணைப்பைச் சில ஃபயர்வால்கள் சத்தமில்லாமல் அறுத்துவிடும். உங்கள் மென்பொருளோ இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக் காத்திருக்கும்" என்றார். அதேதான். இணைப்பு உயிரோடிருக்க அவ்வப்போது அனுப்பும் சிறு செய்தியின் (கீப்-அலைவ்) இடைவெளியை ஃபயர்வாலின் நேர வரம்புக்குக் கீழே கொண்டுவந்தோம், சிக்கல் தீர்ந்தது. அவர் மேடையில் பேச வந்தவர் இல்லை, என்னைப் போல் ஒரு பார்வையாளர்.

யாரிடமும் போய்ப் பேசும் ஆள் இல்லை என்கிறீர்கள். நானும் அப்படித்தான், வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களைப் பற்றிச் சொல்லி ஆரம்பிப்பதைவிட, இருவருக்கும் பொதுவாக இருப்பதைக் கேட்டு ஆரம்பிப்பது சுலபம். "போன அமர்வில் இருந்தீர்களா? அவர் சொன்ன அந்த முறையை நீங்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா?" என்று கேட்டால் போதும், மீதியை அவர் பேசிவிடுவார். உரை முடிந்ததும் பேச்சாளரைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் நிற்கும். கேள்வி இல்லாவிட்டாலும் அங்கே போய் நில்லுங்கள். உங்கள் சிக்கலைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் அத்தனை பேரும் அந்த வட்டத்தில்தான் இருப்பார்கள். எரிக் ஹோல்ஷர் என்ற மென்பொருளாளர் சொன்ன 'பேக்மேன் விதி' என்று ஒன்று உண்டு: வட்டமாக நின்று பேசும்போது இன்னொருவர் வந்து சேர்ந்துகொள்ள ஒரு இடைவெளி விட்டு நிற்க வேண்டும், பழைய வீடியோ கேமில் வரும் பேக்மேனின் திறந்த வாயைப் போல. அப்படித் திறந்திருக்கும் வட்டத்தில் தயங்காமல் நுழையுங்கள். மறுநாள் நீங்கள் நிற்கும் வட்டத்தில் வேறொருவருக்கு அந்த இடத்தை விடுங்கள். உடன் வந்த சகாக்களோடு சாப்பாட்டு நேரத்தில் ஒட்டிக்கொண்டே இருக்காதீர்கள், அவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள்.

பேச்சு ஆர்வத்தில் நிறுவனத்தின் உள்விவகாரம் எதுவும் வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிக்கலைச் சொல்லலாம், வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். இன்னொன்றும் முக்கியம். நல்ல மாநாடுகள் நடத்தை விதிகளை வெளியிட்டு, புகார் சொல்ல ஒரு எண்ணும் தரும். அதை முதல் நாளே போனில் சேமித்து வையுங்கள். யாராவது எல்லை மீறினால் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, விலகி வந்து அந்த எண்ணை அழையுங்கள்.

கண்காட்சிக் கூடத்தில் ஸ்டால்களில் பேட்ஜை ஸ்கேன் செய்யக் கேட்பார்கள். செய்தால் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் விற்பனைப் பிரிவுக்குப் போகும், மாதக்கணக்கில் அஞ்சல் வரும். ஒரு துணிப்பைக்கும் பேனாவுக்கும் அது தேவையா என்று யோசியுங்கள். நிஜமாகப் பயன்படும் பொருள் என்றால் ஸ்லைடு காட்ட விடாதீர்கள், உங்களையே இயக்கிப் பார்க்க விடச் சொல்லுங்கள். 1972 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த கணினித் தொடர்பு மாநாட்டில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டைப் பொதுமக்களுக்குக் காட்டியபோது, வந்தவர்களை முனையங்களில் உட்கார வைத்துத் தொலைவில் இருந்த கணினிகளை இயக்கச் சொன்னார்கள். நம்பிக்கை உள்ள பொருளை அப்படித்தான் காட்டுவார்கள்.

வைஃபையை நம்பாதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான், அதில் ஆயிரக்கணக்கான போன்கள் வந்து விழும். நிகழ்ச்சி நிரல், வரைபடம், பயிலரங்குக்கான மென்பொருள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள். சிக்னலைத் தேடித் தேடி போன் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும், பவர்பேங்க் அவசியம். விமானத்தில் போவதாக இருந்தால் அதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பொதுவாக 100 வாட்-மணி (Wh) திறன் வரை தனி அனுமதி தேவைப்படாது. புதுச் செருப்பு வேண்டாம், பழகிய ஷூ போடுங்கள். பெரிய கூடங்களில் நாள் முழுக்க நடக்க வேண்டியிருக்கும்.

தினமும் இரவு படுக்கும் முன் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். யாரைச் சந்தித்தேன், என்ன சொன்னார், நான் என்ன செய்து பார்க்கப் போகிறேன் என்று எழுதுங்கள். குழுவுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது இந்த மூன்று பக்கத்தில் தயாராகிவிடும். உரைகளின் சுருக்கம் அவர்களுக்கு வேண்டாம், காணொளியின் சுட்டி போதும். சந்தித்தவர்களுக்கு மூன்று நாளுக்குள் இரண்டு வரி எழுதுங்கள், பேசிய விஷயத்தைக் குறிப்பிட்டு. ஒரு மாதம் போய்விட்டால் அவருக்கு உங்கள் முகம் மறந்துவிடும்.

கடைசி நாள் மதியம் பலர் கிளம்பிவிடுவார்கள். நீங்கள் இருங்கள். முதல் நாள் நெருங்கவே முடியாத பேச்சாளர்கள் அப்போது வராந்தாவில் ஓய்வாக நிற்பார்கள்.

லேப்டாப் பற்றிக் கேட்டீர்கள். பயிலரங்கு உள்ள நாளில் மட்டும் எடுத்துப் போங்கள். மற்ற நாளில் அறையிலேயே இருக்கட்டும். மடியில் அது திறந்திருந்தால் அலுவலக அஞ்சலைப் பார்க்காமல் இருக்க முடியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் உங்களிடம் பேச மாட்டார்.

அன்புடன்