பாலை அடுப்பில் வைத்தால் மறந்துவிடுகிறேன், இது அல்சைமரா டாக்டர்?

கேள்வி: எனக்கு 43 வயது. பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி காயப்போட மாடிக்குப் போனால், தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ஞாபகமே வருகிறது. சாவியையும் கண்ணாடியையும் தேடுவதே தினசரி வேலை. போன வாரம் மாமியாருக்குப் பிரஷர் மாத்திரையை இரண்டு தடவை கொடுக்க இருந்தேன். சின்ன வயதிலேயே கவனமில்லை என்று திட்டு வாங்கியவள்தான், இப்போது ரொம்ப அதிகமாகிவிட்டது. 6 வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன்.

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. அல்சைமர் 43 வயதில் வருவது மிக அபூர்வம். பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, வீட்டுக் கணக்கே பிடிபடாமல் போவது, இதெல்லாம் இருந்தால் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை.

முதலில் ரத்தப் பரிசோதனை. மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம், அது குறைந்தால் மறதி, சோர்வு, கால் மரத்துப்போவது எல்லாம் வரும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கூடவே தைராய்டு, ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். தூக்கம் சரியில்லை, மனசு சோர்ந்தே கிடக்கிறது, மாதவிலக்கு முன்பின்னாக வருகிறது என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், இவை எல்லாமே கவனத்தைக் கெடுக்கும். சளிக்குக் கடையில் வாங்கிப் போடும் தூக்கம் வரவைக்கும் மாத்திரையும் அப்படித்தான்.

இனி வீட்டு விஷயம். சாவியை எங்கேயோ யோசித்துக்கொண்டே வைத்தால், வைத்த இடம் மூளையில் பதிவே ஆகாது, பதிவாகாததை எவ்வளவு யோசித்தாலும் எடுக்க முடியாது. அதனால் 'இனிமேல் ஞாபகம் வைத்துக்கொள்வேன்' என்று சபதம் போடுவதில் பலனில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடியுங்கள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சாவி அதில் தொங்கிவிட வேண்டும். கண்ணாடிக்கு டிவி பக்கத்தில் மூடியில்லாத ஒரு டப்பா. மூடி போட்டு அழகாக அடுக்கினால் கண்ணில் படாது, கண்ணில் படாதது உங்களைப் போன்றவர்களுக்கு இல்லாத மாதிரிதான்.

அடுப்பு எரியும்போது மாடிக்குப் போகாமல் இருப்பதே நல்லது. போயே ஆக வேண்டுமென்றால் தீயை அணைத்துவிட்டுப் போங்கள், பால் 10 நிமிடம் கழித்துக் காய்ந்தால் ஒன்றும் ஆகிவிடாது. சமையல்கட்டுக்கும் ஹாலுக்கும் நடுவில் போய்வந்தால் போதும் என்றால், போனில் டைமர் வைத்துவிட்டுக் கரண்டியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போங்கள், 'இது ஏன் கையில் இருக்கிறது' என்று அதுவே உங்களைத் திருப்பி அனுப்பும். டைமர் அடித்தால் அடுப்படிக்குப் போய் நின்ற பிறகுதான் அந்தச் சத்தத்தை அணைக்க வேண்டும், உட்கார்ந்த இடத்திலேயே அணைத்தால் போச்சு.



மாமியாரின் மாத்திரைதான் எனக்குக் கவலை. மருந்துக் கடையில் 7 நாளுக்கும் காலை, மதியம், இரவு என்று அறை பிரித்த டப்பா கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரையோ பிள்ளைகளையோ பக்கத்தில் உட்கார வைத்து நிரப்புங்கள். அறை காலியாக இருந்தால் கொடுத்தாயிற்று, சந்தேகமே வேண்டாம். டப்பாவைப் பார்க்காமல் இரண்டாவது தடவை மாத்திரையைத் தொடவே தொடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏடிஹெச்டி எனும் கவனக்குறைபாடு பெரியவர்களுக்கும் இருக்கும், பெண்களிடம் பல வருடம் கண்டுபிடிக்கப்படாமலேயே போய்விடும், சிகிச்சையும் உண்டு. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று கட்டாயம் கேட்பார்கள், அதனால் உங்களைச் சின்ன வயதில் பார்த்த அம்மாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு போங்கள்.