தலைவலியை மறைக்காத ஆள்

கேள்வி: இந்த ஆகஸ்டில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் என்ற மலையேற்றப் பாதையில் ஏழு நாள், முதுகுப்பையோடு நடக்கத் திட்டம். கல்லூரி நண்பர்கள் நாலு பேரைக் கூப்பிட்டேன். ஒருவன் அன்றைக்கே, “அம்மா விடமாட்டாங்க, நான் வரலை” என்று சொல்லிவிட்டான். மற்ற மூன்று பேரும் “கண்டிப்பா மச்சான்” என்றார்கள். டிக்கெட் எடுக்கும் நேரத்தில் போனையே எடுக்கவில்லை. இனி முன்பின் தெரியாதவர்களோடு போகலாம் என்றிருக்கிறேன். மலை என்றால் பைத்தியமாக இருக்கும் ஆட்களை எங்கே பிடிப்பது?
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: மலைப் பைத்தியங்களுக்கா பஞ்சம்? இன்ஸ்டாகிராமைத் திறந்தால் வரிசையில் நிற்பார்கள். அவர்களோடு ஏழு ராத்திரி ஒரே கூடாரத்தில் படுக்க முடியுமா என்று யோசித்தீர்களா? உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் விஷன்சர் ஏரியின் நிறத்துக்கே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. எவ்வளவு வேகமாக நடப்பீர்கள், இதற்கு முன் எத்தனை கிலோ சுமந்திருக்கிறீர்கள், எவ்வளவு செலவு செய்ய முடியும், குறட்டை விடுவீர்களா? துணைக்கு வருகிறவன் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

நண்பர்கள் மேலும் முழுப்பழியைப் போட முடியாது. “போலாமா மச்சான்?” என்று தேதியும் தொகையும் இல்லாமல் கேட்டால் “கண்டிப்பா” என்றுதான் பதில் வரும். கல்யாணப் பத்திரிகை வாங்குகிற எல்லோரும் “வந்துடறேன்” என்று சொல்வதில்லையா? அந்த மாதிரிதான். இன்ன தேதி ரயில், இவ்வளவு பணம், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பாதி கட்ட வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். கழன்றுகொள்கிறவர்கள் அன்றைக்கே கழன்றுகொள்வார்கள்.

சரி, ஆளுக்கு வருவோம். பல வருடங்களுக்கு முன், தெரிந்தவர் மூலம் அறிமுகமான ஒருவரோடு உத்தரகாண்டில் ஹர் கி தூன் பள்ளத்தாக்குக்குப் போனேன். ரயிலில் அவரைப் போல ஒரு ஆள் கிடையாது. சிரித்தே வயிறு வலித்தது. மூன்றாம் நாள் பேச்சு நின்றுவிட்டது. ரொட்டியில் பாதியை அப்படியே தட்டில் வைத்தார். “என்னாச்சு?” என்றால், “வெயில்தான் சார், ஒண்ணுமில்லை.” ராத்திரி கூடாரத்துக்கு வெளியே குந்தி உட்கார்ந்து வாந்தி எடுத்தபோதுதான், முந்தின நாள் காலையிலிருந்தே தலைவலி என்று ஒப்புக்கொண்டார். மற்றவர்களின் பயணம் தன்னால் கெட வேண்டாம் என்று மறைத்தாராம். விடிந்ததும் ஓஸ்லா கிராமம் வரை கீழே இறக்கிக் கூட்டிவந்தோம். மதியம் ராஜ்மா குழம்பும் சோறுமாக இரண்டு தட்டு சாப்பிட்டார். உயரம் செய்கிற வேலை அது. நல்ல வேளையாக இறங்கினோம். தலைவலியும் குமட்டலும் வந்த பிறகும் ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம், உயிரே போகலாம். தங்குமிடம் 3,000 மீட்டரைத் தாண்டினால், ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் 500 மீட்டருக்கு மேல் உயரம் கூட்டக்கூடாது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஆனால் தலைவலியை வாய்விட்டுச் சொல்லாத ஆளிடம் எந்தக் கணக்கும் பலிக்காது.

நீங்கள் போகும் பாதையில் இது இன்னும் முக்கியம். சோனமார்க்கில் ஏறினால் நாரானாக்கில்தான் இறங்க வேண்டும். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். நடுவில் காட்சர் கணவாய் 4,200 மீட்டரை ஒட்டி இருக்கிறது. அந்தப் பக்கம் இறங்கிவிட்டால் முன்னால் போவதும் திரும்பிப் போவதும் ஏறக்குறைய ஒரே பாடு. போன் எடுக்காது. “போதும், திரும்பலாம்” என்று கணவாய்க்கு முன்னாலேயே சொல்லத் தெரிந்தவன்தான் உங்களுக்கு வேண்டும். அப்படிச் சொன்னவனை ஊர் திரும்பும்வரை குத்திக்காட்டாத ஆளாக நீங்களும் இருக்க வேண்டும்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். கோயம்புத்தூர்க்காரருக்குக் கவலை எதற்கு? பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி திறந்திருக்கும். ஆளுக்குப் பத்து கிலோ பையோடு ஏழு மலையும் ஏறி இறங்குங்கள். ஏறும்போது எல்லோரும் நல்லவர்கள். இறங்கும்போது முட்டி நடுங்கும், மூங்கில் தடி வழுக்கும். அப்போது யார் நின்று தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறார், யார் “கீழே பார்க்கலாம்” என்று முன்னால் போய்விடுகிறார் என்று கவனியுங்கள். அங்கே பெண்களுக்கு வயதுக் கட்டுப்பாடு உண்டு. குழுவில் பெண்கள் இருந்தால், 2024-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரு ராத்திரி வெளியில் தங்கிச் சேர்ந்து சமையுங்கள். காஷ்மீரில் இது இன்னும் கஷ்டம்: 3,500 மீட்டரில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சோறு அரைவேக்காடாக நிற்கும். பசி நேரத்தில் அந்தச் சோற்றுப் பானையைச் சுற்றி நடக்கும் சண்டையைப் பார்த்தவன் நான்.

இமயமலையில் இதுதான் முதல் முறை என்றால், கூட்டாளி தேடுவதையே தள்ளிப்போடுங்கள். யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் போன்ற அமைப்புகள் அழைத்துப்போகும் குழுவில் ஒரு தடவை சேருங்கள். அங்கேயும் எல்லோரும் அந்நியர்கள்தான், ஆனால் எப்போது திரும்புவது என்று முடிவு செய்ய ஒரு வழிகாட்டி இருப்பார். மெனக்கெட முடியுமென்றால் உத்தர்காசியிலுள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சிக்குச் சேரலாம். சுமார் ஒரு மாதம் பெண்டு நிமிர்த்துவார்கள். ஆனால் ஒரே கயிற்றில் ஏறிய நாலு பேராவது ஆயுளுக்கும் மிஞ்சுவார்கள்.

அழைத்துப்போகிறவர் யாராக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன் அனுமதிச் சீட்டை உங்கள் கண்ணால் பாருங்கள். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் சிக்கியவர்களும் இப்படிக் குழுவாகப் போனவர்கள்தான். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தப் பாதைக்கு அனுமதி இருந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுந்தது.

கடைசியாக ஒன்று. “அம்மா விடமாட்டாங்க” என்று முதல் நாளே முகத்துக்கு நேராகச் சொன்னாரே ஒரு நண்பர், அவரை ஏன் விட்டீர்கள்? இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் நீங்களே பேசுங்கள்.