ஸ்பிரிட்டால் துடைத்தால் புரோபில் வெடிப்பு விழுமா?

கேள்வி: குடியாத்தத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் பணிபுரிகிறேன். ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் அல்ட்ராசவுண்ட் புரோபை (உடலில் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவியை) ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கிறோம். அதன் முனையில் இப்போது வெடிப்பு தெரிகிறது. ஸ்பிரிட்தான் காரணமா?

பதில்: பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். புரோபின் முனையிலுள்ள வில்லை பொதுவாகச் சிலிக்கோன் ரப்பரால் ஆனது; ஸ்பிரிட்டிலுள்ள ஆல்கஹால் மீண்டும் மீண்டும் படும்போது அது உலர்ந்து கடினமாகி வெடிப்பதோடு, அதைப் பிடித்திருக்கும் பசையும் தளர்ந்து, இடையில் காற்று புகுந்து, ஒலி கடக்க முடியாத இடங்கள் படத்தில் கருங்கோடுகளாக விழக்கூடும். வெடிப்பில் ஜெல் இறங்கினால் கிருமி தங்கும். மின்கசிவு அபாயமும் உண்டு. ஆகவே அந்தப் புரோபை இன்றே நிறுத்திவிடுங்கள். பழுதுபார்ப்பவர் வேலூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்து சேரும்வரை பயன்படுத்தலாம் என்பதை நான் ஏற்கமாட்டேன்.

அதற்காகக் கிருமிநீக்கத்தைக் கைவிடக் கூடாது. முதலில் ஜெல்லை முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். அதன் படலம் எஞ்சியிருந்தால் மருந்து பரப்பைச் சென்றடையாது. பிறகு, தயாரிப்பாளரின் கையேடு அனுமதிக்கும் கிருமிநாசினியைத் தடவி, குறிப்பிட்ட நேரம் முழுவதும் பரப்பை ஈரமாகவே வைத்திருங்கள். உடலுக்குள் செலுத்தும் புரோபுக்கு இது போதாது. உறை மாட்டியிருந்தாலும் உயர்நிலைக் கிருமிநீக்கம் (பாக்டீரியா வித்துகள் சில தவிர எல்லாக் கிருமிகளையும் அழிக்கும் முறை) கட்டாயம். அப்போதும் மின் இணைப்பு முனை திரவத்தில் மூழ்கக் கூடாது.