எட்டில் மூன்று எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஐயா,

கொட்டாஞ்சேனையில் தரம் 7க்குக் கணிதம் படிப்பிக்கிறேன். தவணைப் பரீட்சையில் 1/3 + 2/5 கொடுத்தேன். பாதி வகுப்பு 3/8 என்று எழுதியிருக்கிறது. புள்ளடி போட்டு, திருத்தம் எழுத வைத்தாலும் அடுத்த பயிற்சியில் அதே பிழை. இப்போது அதிபர், கொப்பிகளைக் கொண்டுவந்து மற்ற ஆசிரியர்களோடு இருந்து பாருங்கள் என்கிறார். என்னில் குற்றம் பிடிக்கத்தான் இது என்று படுகிறது. கொப்பியில் புள்ளியைத் தவிர வேறென்ன இருக்கிறது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பாதி வகுப்பு ஒரே பிழையை விடுகிறதென்றால் அது கவனக்குறைவு அல்ல. மேலே உள்ள தொகுதியைத் தொகுதியோடும் கீழே உள்ள பகுதியைப் பகுதியோடும் கூட்டுகிறார்கள். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும்? பிள்ளையின் விடைத்தாளில் நாமே சிவப்பு மையால் என்ன எழுதுகிறோம் என்று பாருங்கள்: வினாத்தாள் I 7/10, வினாத்தாள் II 15/20, மொத்தம் 22/30. அங்கே அது சரி. பத்துப் புள்ளியும் இருபது புள்ளியும் சேர்ந்து முப்பது என்ற புதிய முழுமை ஆகிறது. உங்கள் கணக்கில் அப்படியல்ல. மூன்றில் ஒன்றும் ஐந்தில் இரண்டும் ஒரே பாணிலிருந்து வெட்டிய துண்டுகள். முழுமை மாறவில்லை. இந்த வேறுபாட்டை நம்மில் எத்தனை பேர் வகுப்பில் வாய்திறந்து சொல்கிறோம்? எல்லாப் பிள்ளைக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, "எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

ஆகவே திருத்துவதற்கு முன் ஒருமுறை சும்மா வாசியுங்கள். ஒரேயொரு கணக்கை எடுத்து, புள்ளியை மறந்து, போன வழியைப் பார்த்துக் கொப்பிகளைக் குவியல்களாகப் பிரியுங்கள். சரியான விடைக்காரரையும் விடவேண்டாம். 16/64ஐச் சுருக்கச் சொன்னால் மேலும் கீழும் உள்ள 6ஐ வெட்டிவிட்டு 1/4 என்று எழுதும் பிள்ளைக்கும் நாம் 'சரி' போட்டுவிடுவோம். 1973இல் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் பெனி என்ற பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி எழுதினார். தானே படித்து முன்னேறும் பாடத்திட்டத்தில் அவன் நல்ல மாணவன் என்றே கணிக்கப்பட்டிருந்தான். உட்கார்ந்து பேசியபோதுதான், 2/10ஐத் தசமத்தில் 1.2 என்று அவன் எழுதுவது தெரியவந்தது.

சாதாரண தரப் பரீட்சைக்குப் பரீட்சைத் திணைக்களம் மதிப்பீட்டு அறிக்கை வெளியிடுகிறது. எந்த வினாவில் பிள்ளைகள் சறுக்கினார்கள் என்று அதில் பார்க்கலாம். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகள் தரம் 11ஐ முடித்துப் போய்விடுவார்கள். உங்கள் பிள்ளைகள் நாளைக்கும் உங்கள் முன்னால்தான் இருப்பார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. கொப்பியைக் காட்டி ஆசிரியரைத் திட்டினால் அடுத்த முறை எல்லோரும் நல்ல கொப்பிகளை மட்டும்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் தெரியாமல் மறைத்து, 'இந்தப் பிள்ளை என்ன நினைத்திருக்கும்?' என்பதை மட்டும் பேசுவோம் என்று அதிபரிடம் முதலே கேட்டு வையுங்கள். ஜப்பானில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு கூடிப் பேசுவது நெடுநாள் வழக்கம். அங்கே எல்லோர் கண்ணும் பிள்ளைகள் யோசிக்கும் விதத்தில்தான்.

அடுத்த பாடத்துக்கு ஒன்று செய்து பாருங்கள். பொது மடங்கை மறுபடி விளக்கவேண்டாம். 3/8 எழுதியவர்களிடம் அதே முறையில் 1/2 + 1/2 செய்யச் சொல்லுங்கள். 2/4 வரும். அரையும் அரையும் சேர்ந்தும் அரைதானா என்று கேட்டுவிட்டு, அவர்களாக வாய்திறக்கும்வரை பொறுத்திருங்கள். அப்போது அவர்கள் சொல்வதை எழுதி வைத்து, அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.